மீண்ட சிலையும் மீளாத மக்களும்

திருச்செந்தூர்க் கோயிலைப் பற்றிக் கதையொன்று சொல்வர். 17ஆம் நூற்றாண்டிலே டச்சுக்காரர் கோயிலைக் கைப்பற்றினராம். சண்முகர் சிலையைக் கப்பலேற்றினராம். கடல் கொந்தளிக்கவே சிலையை நீரில் எறிந்தனராம். வடமலையப்பப் பிள்ளை கனவு கண்டு, எலுமிச்சம்பழம் மிதந்த இடத்திலே அதை மீட்டாராம்!

கதை கேட்டுக் கண்ணீர் மல்கும் அன்பர்களை நாம் கேட்கிறோம்: அதே டச்சுக்காரர் கப்பலேற்றிய மனிதர்களுக்காகக் கடல் கொந்தளித்ததா? எவர் கனவிலேனும் அவர்கள் வந்தனரா? 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக் கம்பெனி, 1673 முதல் 1677 வரை, பஞ்ச காலத்திலே, மதுரைக் கடற்கரையிலிருந்து மட்டும் 1,839 பேரை அடிமைகளாக அனுப்பியது. வாங்கியவன் அந்நியன், விற்றவன் யார்?

பின்னர் ஆங்கிலேயன் ஆண்டான். 1843இல் இந்தியாவிலே அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவை நீக்கினான். பெயர் மாறிற்று, பிணி மாறவில்லை! இலங்கை மலைகளிலே காப்பித் தோட்டங்கள் பெருகின. 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது, தேயிலை தழைத்தது. காடழித்தவன் தமிழன், கொழுந்து கிள்ளியவள் தமிழச்சி. பங்களா துரைக்கு, இலாபம் இலண்டனுக்கு, லயத்து அறை நமக்கு!

விலங்கு எங்கே என்பீர்கள். கணக்கேட்டிலே இருந்தது, தோழர்களே! ஊரிலே கொடுத்த முன்பணம், வழிச்செலவு, கம்பளி, அரிசி, அத்தனையும் கடன். கடனைத் தீர்ப்பவனுக்கே ஆள் என்று 'துண்டு'ச் சீட்டு எழுதித் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினர். 1921இல்தான் அது ஒழிந்தது. சொல்லாமல் வேலையை விட்டு நீங்கினால் சிறை என்றது 1865ஆம் ஆண்டுச் சட்டம்.

துரை வெள்ளையன். கங்காணி யார்? நம்மவன்! கப்பலேறியவருள் பெரும்பாலோர் யார்? பள்ளர், பறையர், சக்கிலியர் என்று நம்மால் ஒதுக்கப்பட்டோர். ஊரிலே அவர்களுக்கு நிலமில்லை, பொதுக் கிணறில்லை, கோயிலுக்குள் நுழைய உரிமையில்லை. வெள்ளையன் வருமுன்பே அவர்களை அடிமையாக்கி வைத்திருந்தோம். அவன் கூலி பேசி ஏற்றிச் சென்றான், அவ்வளவே! கடல் கடந்தும் லயத்திலே சாதி குடியேறிற்று.

தலைமுறைகள் உழைத்தபின் கிடைத்த பரிசென்ன? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தலையெண்ணிப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டவர்களின் விருப்பத்தைக் கேட்டவர் எவர்? எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை தர 2003வரை ஆயிற்று!

இளைஞர்களே! செந்தூர் மணலிலே ஆண்டுதோறும் சூரனை வதைக்கிறார்கள். ஊருக்கு ஊர் சாதிச் சூரன் உயிரோடு உலவுகிறான். சிலை மீண்ட கதை போதும். மீளாத மக்களின் கதையை மேடைதோறும் சொல்லுங்கள். அவர்களைக் கரைவரை துரத்திய சாதியை வேரோடு பறியுங்கள்!