வருஷத்துக்கு ஆயிரமா? மாசத்துக்கு ஆயிரமா?
பெரம்பலூர், அரியலூர் பிள்ளைகள் எழுதும் இரண்டு பரீட்சைகள்!

இரண்டும் ஸ்காலர்ஷிப் பரீட்சைதான். இரண்டிலும் ஜெயித்தால் ஆயிரம் ரூபாய்தான். ஆனால் ஒன்றில் அந்த ஆயிரம் வருஷத்துக்கு ஒரு தடவை வரும். மற்றொன்றில் மாசா மாசம் வரும்! மக்காச்சோளக் கொல்லைக்கும் முந்திரிக் காட்டுக்கும் வேலைக்குப் போகும் தாய் தகப்பன் குழம்பிப் போவது இங்கேதான்.

100 பேருக்கு யோகம்

முதலாவது, 9-ம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. வாத்தியார்கள் வாயில் 'டிரஸ்ட்' பரீட்சை. பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் போன்ற நகராட்சிக்குள் படிக்கிறவர்கள் எழுத முடியாது. கிராமம், பேரூராட்சிப் பள்ளிகளுக்கு மட்டுமே. மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள். பிளஸ் 2 வரை வருஷம் ரூ.1000.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2011 கணக்குப்படி சேலம் மாவட்டத்து ஜனத்தொகை 34 லட்சத்துக்கு மேல். பெரம்பலூருக்கு 5.65 லட்சம்தான். தமிழகத்திலேயே கடைசி! இரண்டுக்கும் அதே 100 இடம். நகரங்களைக் கழித்துப் பார்த்தாலும் சேலத்துப் பையனுக்குப் போட்டி மூன்று மடங்குக்கு மேல்.

அரியலூர் கதை இன்னும் சுவாரஸ்யம். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. மறு வருஷமே மீண்டும் சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பரில் திரும்பப் பிரித்தார்கள். கலெக்டர் ஆபீஸ் எங்கே என்றுதான் அப்போது பேச்சு. ஆனால் ஒரு மாவட்டம் இரண்டானால் 100 இடம் 200 ஆகும் என்பதுதான் பிள்ளைகளுக்குக் கிடைத்த லாபம்.

வருமானம் இடிக்கிறதே!

இந்தப் பரீட்சைக்குக் குடும்ப வருமானம் வருஷம் ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. தினம் 340 ரூபாய் கூலிக்கு ஒரே ஆள் 300 நாள் உழைத்தாலே 1 லட்சத்து 2 ஆயிரம் ஆகிவிடுகிறது. அப்புறம் எந்தக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை எழுதுவது? 'ஆயிரம் ரூபாய்க்கா இத்தனை அலைச்சல்?' என்று வருமானச் சான்று வாங்க அலைகிறவர்கள் கேட்டால் தப்பென்று சொல்ல முடியாது.

இரண்டாவது பரீட்சை, மத்திய அரசின் என்.எம்.எம்.எஸ். 8-ம் வகுப்பில், அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதுவது. 2008-ல் வந்தது. மாசம் 500 ரூபாயாக இருந்ததை 2017-ல் 1000 ஆக்கினார்கள். ஆகமொத்தம் நாலு வருஷத்தில் 48 ஆயிரம்! வருமான வரம்பும் மூன்றரை லட்சம். தமிழகத்துக்கு 6,695 இடம்.

மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. பாடத்தில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. பாடத்தைப் புத்தகத்திலேயே படித்துவிடலாம். எண் வரிசை, படப் புதிர் என்று வரும் மனத்திறன் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் இருந்தால் அந்தப் பள்ளி தேறும், இல்லாவிட்டால் இல்லை.

ஜெயித்த பிறகு ஆபத்து!

பாஸாகிவிட்டால் பணம் தானாக வரும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 10-ம் வகுப்பில் 60 சதவீதம் வாங்க வேண்டும் (தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 5 சதவீதம் சலுகை). நடுவில் தனியார் பள்ளிக்கு மாறினால் உதவி கட்! 'நல்லாப் படிக்கிற புள்ள' என்று 11-ம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதோடு வருஷா வருஷம் கம்ப்யூட்டரில் புதுப்பிக்க வேண்டும். ஆதார் சேர்த்த பேங்க் கணக்கும் உயிரோடு இருக்க வேண்டும். பதிவு செய்தபோது கொடுத்த செல்போனுக்குத்தான் ரகசிய எண் வரும். அப்பா திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போயிருந்தால், அந்த போனும் அவரோடு போயிருக்கும்.