உப்புச் சிரட்டையில் கவனம் வைப்போம்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் இன்றி எமக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனால் வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவே, போதுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மிகையான உப்பு குருதி அமுக்கத்தைக் கூட்டும். அது பாரிசவாதத்திற்கும் மாரடைப்பிற்கும் வழிவிடும்.

இது தொடர்பாகச் சீனாவில் நடந்த ஓர் ஆய்வு எம் சிந்தனைக்குரியது. அது பட்டணத்து வைத்தியசாலையில் அன்றி, 600 கிராமங்களில் நடந்தது. ஏற்கனவே பாரிசவாதம் கண்டவர்களும், 60 வயதைக் கடந்த உயர் குருதி அமுக்கமுடையோருமாக 20,995 பேர் பங்குபற்றினர். பாதிக் கிராமங்களுக்கு, நாலில் ஒரு பங்கு பொற்றாசியம் குளோரைட்டு கலந்த உப்பு இலவசமாக வழங்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின், 2021 இல் முடிவு வெளியாயிற்று. வழமையான உப்பை உண்டவர்களிலும் பார்க்க இவர்களிடையே பாரிசவாதம் 14 வீதமும் மரணம் 12 வீதமும் குறைந்திருந்தன. சமையல் முறை மாறவில்லை. உப்பு மட்டுமே மாறியது.

அப்படியாயின் நாமும் உடனே மாறலாமா? இங்குதான் நிதானம் வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்தவரின் உடலில் பொற்றாசியம் தேங்கி, இதயத் துடிப்பையே குழப்பிவிடக்கூடும். கடுமையான சிறுநீரக நோயாளர் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. 2025 இல் இவ்வுப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனமும் சிறுநீரகப் பாதிப்புடையோர், கர்ப்பிணிகள், சிறுவர் ஆகியோரை விலக்கியே பரிந்துரைத்தது. எமது நாட்டிலோ அநுராதபுரம், பொலன்னறுவை, வவுனியா முதலிய பகுதிகளில் எத்தனையோ கமக்காரக் குடும்பங்களை நாட்பட்ட சிறுநீரக நோய் வாட்டுகின்றது. அந்நோய் ஆரம்பத்தில் வெளித்தெரிவதில்லை. தமக்கு நோயுண்டு என்று அறியாதவரும் ஒரே பானையிலேயே உண்கின்றனர்.

ஆகவே கடையில் புதிய உப்பு வருவது மட்டும் போதாது. கிராமந்தோறும் சிறுநீரகப் பரிசோதனை முந்த வேண்டும். பொதியில் எச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக இருக்க வேண்டும். விலையும் ஏழைக்கு எட்ட வேண்டும். சீனக் கிராமத்தவர் அதை விலைகொடுத்து வாங்கவில்லை என்பதை மறக்கலாகாது.

அதுவரை செலவில்லாத வழியொன்று எம் கையிலேயே உண்டு. கறிக்கு அள்ளும் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைப்போம்; சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். புளியும் தேசிக்காயும் மிளகும் சுவைக்குத் துணைநிற்கும். கருவாட்டை நன்கு ஊறவைத்துக் கழுவிச் சமைப்போம். குருதி அமுக்கத்தை ஒருமுறையேனும் அளந்து பார்ப்போம். வைத்தியரைக் கேளாமல் மாற்று உப்பை வாங்காதிருப்போம்.