கடுகும் ஒரு கைங்கரியம்

பெருமாளுக்குச் செய்யும் தொண்டுகளுள் தமக்கு ஏற்றது எது என்று விஷ்ணுசித்தர் ஆராய்ந்தபோது, மதுராபுரியின் மாலாகாரர் அவர் நினைவுக்கு வந்தார் என்று குருபரம்பரை கூறுகிறது. கம்ஸனின் அரண்மனைக்குச் செல்லும் வழியில் கண்ணன் தானே அந்த எளிய மாலைகட்டியின் இல்லம் தேடிச் சென்று பூமாலையை உவந்து ஏற்றான். அதை எண்ணியே விஷ்ணுசித்தர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து, வடபத்ரசாயிக்கு நாள்தோறும் மாலை சாற்றினார். அந்த நந்தவனத்தின் துளசிச் செடியருகே, ஓர் ஆடிப்பூர நன்னாளில், ஆண்டாள் குழந்தையாகக் கிடைத்தாள். மண்ணைக் கொத்தி நீர் வார்த்த கைகளுக்குக் கிடைத்த பேறு அது.

இராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்திலிருந்து ஆண்டாள் சந்நிதி எட்டாத தொலைவன்று. ஆடிப்பூரத் தேருக்கும் மார்கழி வழிபாட்டுக்கும் அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து பேருந்து ஏறிச் சென்றவர்கள் அநேகர். ஆனால் எழுபதைக் கடந்த முழங்கால்களுக்குப் பேருந்தின் படியே ஒரு மலையாகிவிடுகிறது. பிள்ளைகள் வேலை தேடி வெளியூரும் வெளிநாடும் சென்றுவிட்ட வீடுகளில், விளக்கேற்றிய பிறகு பொழுது மெல்லத்தான் நகர்கிறது. ‘கோயிலுக்கும் போக முடியவில்லை, இந்தக் கைகளால் இனி யாருக்கு என்ன பயன்?’ என்ற ஏக்கம் பலருக்கு வருகிறது. அவர்களுக்கு வீட்டின் பின்கட்டே நந்தவனமாகலாம். துளசியும் நந்தியாவட்டையும் இருக்கும் இடத்தில் இந்த ஆண்டு ஒரு பிடி கடுகுக்கும் இடம் கொடுக்கலாம்.

கடுகு நம் வழிபாட்டுக்குப் புதியதன்று. வெண்கடுகைச் சங்கப் புலவர்கள் ‘ஐயவி’ என்றார்கள். குறிஞ்சி நிலத்தில் முருகனை வழிபடும்போது நெய்யோடு ஐயவி அப்பியதைத் திருமுருகாற்றுப்படை காட்டுகிறது. அரண்மனையின் நெடிய வாயில்நிலையில் நெய்யும் ஐயவியும் பூசியிருந்ததை நெடுநல்வாடை சொல்கிறது. போரில் புண்பட்டுக் கிடக்கும் வீரனின் மனையில் வேப்பிலை செருகி, ஐயவி தூவிக் காத்ததைப் புறநானூற்றுப் பாடல் ஒன்று கூறுகிறது. இன்றும் பேரக் குழந்தைக்குத் திருஷ்டி கழிக்கும் பாட்டியின் உள்ளங்கையில் உப்போடும் மிளகாயோடும் கடுகு இருக்கிறது.

கடுகு குளிர்காலப் பயிர். ராஜஸ்தான் முதலான வட மாநிலங்களிலேயே பெருமளவில் விளைகிறது. நம் வெயிலில் பெரிய மகசூல் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆயினும் பருவம் பார்த்து விதைத்தால் வீட்டுத் தேவையில் ஒரு பங்கு கிடைக்கும். கார்த்திகை பிறந்து, பெருமழை சற்று ஓய்ந்ததும் விதைப்பதே உகந்தது. அஞ்சறைப் பெட்டியில் உள்ள கடுகே முளைக்கும். பழைய இருப்பா என்ற ஐயம் இருந்தால், இருபது விதைகளை ஈரத்துணியில் மடித்து வைத்து மூன்று நான்கு நாள் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு கிராம் எடைக்குச் சுமார் 200 முதல் 400 விதைகள் நிற்கும். நடுங்கும் விரல்களால் இவற்றை ஒவ்வொன்றாக ஊன்ற இயலாது. ஆகவே நாலைந்து பங்கு மணலோடு கலந்து, ஓரடி இடைவெளி விட்ட வரிசைகளில் மெல்லத் தூவி, அரை அங்குலத்துக்கு மேற்படாமல் மண் மூடிவிட வேண்டும். தரை இல்லாதவர்கள் ஓரடி வாயுள்ள தொட்டியில் நான்கு செடிகள் வளர்க்கலாம். மண்ணோடு மக்கிய சாணஎருவைக் கலந்துகொள்ள வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் பட வேண்டும். ஈரம் இருந்தால் போதும், நீர் தேங்கக் கூடாது. அதிகமாக நீர் ஊற்றிக் கெடுக்கும் செடிகளே வீடுகளில் மிகுதி.

ஐந்தாறு நாட்களில் முளை தெரியும். பதினைந்தாம் நாள் ஒரு கடினமான வேலை உண்டு. நெருங்கி முளைத்த நாற்றுகளைக் களைந்து, செடிக்குச் செடி அரையடி இடம் விட வேண்டும். தம் கையால் விதைத்ததைத் தாமே பிடுங்க மனம் ஒப்பாது. ஆனால் நெருக்கத்தில் விட்ட செடிகள் ஒன்றின் உணவை மற்றொன்று பறித்து, எல்லாமே நோஞ்சானாகி நிற்கும். இடைவெளி கிடைத்த செடியே கிளைத்துக் காய்க்கும். பிள்ளைகளைத் தொலைவில் அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் பெற்றோருக்கு இதைப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிடுங்கிய நாற்றும் வீணாவதில்லை. அன்றைய கீரைக்கு ஆகும்.

விதைத்த நாற்பது நாளளவில், தை பிறக்கும் வேளையில், நான்கு இதழ் கொண்ட சிறு மஞ்சள் பூக்கள் கொத்தாக மலரும், தேனீக்கள் வரும். அப்போதுதான் அசுவினிப் பூச்சியும் தண்டில் அப்பிக்கொள்ளும். ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, தேனீக்கள் திரும்பிவிட்ட அந்திப் பொழுதில் தெளித்தால் கட்டுப்படும். மாசி முடிவில் காய்கள் பழுக்கத் தொடங்கும். முழுவதும் உலரும்வரை காத்திருந்தால் காய் வெடித்து விதை சிதறிவிடும். ஆகவே காய்கள் மஞ்சளாகும் தருணத்தில், பனி உலராத காலைப்பொழுதிலேயே செடியை அறுத்து, வெள்ளைத் துணியில் காயவைத்துத் தட்டிப் புடைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து வருவது பங்குனி. பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் திருக்கல்யாணம். கல்யாணத்துக்குப் போக இயலாதவர், அன்று வீட்டில் புளியோதரை செய்து, தம் செடியில் விளைந்த கடுகைத் தாளித்துத் திருமுன் நிவேதனம் செய்யலாம். கூட இருந்து பரிமாறப் பிள்ளைகள் இல்லாமற்போகலாம். ஆனால் மூன்றரை மாத உழைப்பு அந்த ஒரு கரண்டி எண்ணெயில் படபடவென்று பொரியும்போது, ‘இந்தக் கைகளால் என்ன பயன்’ என்ற கேள்விக்கு இடம் இராது.

முழுக் கடுகை முகர்ந்தால் காரம் தெரியாது. விதை நசுங்கி நீர் சேரும்போதுதான் அதனுள் தனித்தனியே இருக்கும் இரு பொருள்கள் கலந்து காரம் பிறக்கிறது. கொதிக்கும் எண்ணெயிலோ அந்தக் காரம் எழாமல் மணம் மட்டும் வருகிறது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது பழமொழி. சிறுத்த உடம்புக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைப் பிறர்மேல் காரமாக வீசுவதா, மணமாகத் தருவதா என்பதே முதுமையின் தேர்வு.

மகாபாரதத்தில், துஷ்யந்தன் தன்னை அறியேன் என்று மறுத்தபோது சகுந்தலை சபை நடுவே ஒரு சொல் சொல்கிறாள். பிறர் குற்றம் கடுகளவு இருந்தாலும் காண்கின்ற அரசன், தன் குற்றம் வில்வக் காயளவு இருந்தும் காணவில்லை என்பது அதன் பொருள். மகன் தொலைபேசியில் அழைக்க மறந்தது, மருமகள் ஒரு சொல் குறைத்துப் பேசியது, தம்பி பத்திரிகை வைக்க வராதது ஆகியவை எல்லாம் கடுகுகளே. தனிமையில் அவற்றை எடுத்து எடுத்து எண்ணிப் பார்ப்பதால் அவை பெரிதாகின்றன. காலையில் செடிக்கு நீர் வார்க்கும் நேரத்தில் அந்தக் கணக்கு தானே மறந்துபோகிறது. முதலில் நாமே அழைத்துப் பேசினால் என்ன என்று தோன்றவும் கூடும்.

சாந்தோக்ய உபநிஷதத்தின் சாண்டில்ய வித்தையில் இதயத்துள் உறையும் ஆன்மாவுக்கு அளவு சொல்லும் இடத்திலும் கடுகு வருகிறது. அது நெல்லினும், யவத்தினும், கடுகினும் சிறியது. அதுவே பூமியினும், வானினும், எல்லா உலகங்களினும் பெரியது என்கிறது உபநிஷதம். அந்தப் பெரிய உண்மையைச் சொல்ல முனிவருக்கு உதவிய விதை, அடுப்பங்கரைப் பெட்டியில் நாள்தோறும் நம் விரலில் படுகிறது. வரும் கார்த்திகையில் அதில் ஒரு சிட்டிகையை மண்ணில் தூவுவோம். முளைக்க வைப்பவன் அவன். நீர் வார்க்கும் பேறு நம்முடையது.