மானியம் கிடைத்துவிட்டது, பிறகு? – ஆய்வு நிதியைக் கையாளத் தயாராகாத நம் கல்லூரிகள்

2024 ஆகஸ்டில் டெல்லி ஐஐடிக்கு ஜிஎஸ்டி புலனாய்வுத் துறையிடமிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. 2017 முதல் 2022 வரை அந்நிறுவனம் பெற்ற ஆராய்ச்சி மானியங்களுக்கு வரியும் வட்டியும் அபராதமுமாக ஏறத்தாழ 120 கோடி ரூபாய் கேட்டது அந்த நோட்டீஸ். கல்வியாளர்களிடையே எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே, செப்டம்பர் 9 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், ஆராய்ச்சி மானியங்களுக்கு வரிவிலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. அத்துடன் செய்தியும் முடிந்துபோனது.

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகுதான் இருக்கிறது. கணக்குப் பிரிவும் சட்ட ஆலோசகர்களும் வரி நிபுணர்களும் கொண்ட டெல்லி ஐஐடிக்கே ஆய்வு நிதி இப்படி ஒரு தலைவலியைக் கொடுத்தது என்றால், இரண்டு எழுத்தர்களும் ஒரு கண்காணிப்பாளரும் மட்டுமே உள்ள அலுவலகத்தை வைத்துக்கொண்டு நம் ஊர்க் கல்லூரிகள் அதை எப்படிச் சமாளிக்கின்றன?

நாட்டில் 40 ஆயிரத்துக்கும் அதிகமான கல்லூரிகள் உள்ளன. ஆய்வுக்கென அரசு ஒதுக்கும் பணத்தின் பெரும்பகுதி ஐஐடி போன்ற உயர் நிறுவனங்களுக்கே போகிறது என்பது நெடுநாள் குறை. இந்தக் குறையைப் போக்குவோம் என்று சொல்லித்தான் 2023-இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 2008 முதல் இருந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இதனுள் சேர்க்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 50 ஆயிரம் கோடி ரூபாய் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. அதில் 36 ஆயிரம் கோடி தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் போன்ற அரசு சாராத வழிகளில் வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அதாவது, இனி ஆய்வுப் பணத்தின் பெரும்பங்கு தனியாருடன் போடும் ஒப்பந்தங்கள் வழியாகவே வரும். ஒப்பந்தத்தைப் படித்து, பேசி, கையெழுத்திட்டு, கணக்குக் காட்டத் தெரிந்த கல்லூரிக்கு மட்டுமே அதில் பங்கு கிடைக்கும்.

ஆணை வேறு, பணம் வேறு

ஓர் உதவிப் பேராசிரியருக்கு மூன்றாண்டு ஆய்வுத் திட்டம் ஒப்புதலாகிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி வாசலில் பேனர் வைக்கிறார்கள். ஆண்டு மலரில் படம் வருகிறது. மறுநாளிலிருந்து அந்த ஆசிரியர் கணக்காளராகவும் கொள்முதல் அதிகாரியாகவும் மாறவேண்டியிருக்கிறது.

மத்திய அரசின் பல திட்டங்களில் இப்போது பணம் மொத்தமாகக் கல்லூரி வங்கிக் கணக்குக்கு வருவதில்லை. பூஜ்ய இருப்புக் கணக்கு ஒன்று திறக்கப்படுகிறது. இவ்வளவு வரை செலவிடலாம் என்று அதில் வரம்பு மட்டும் வைக்கப்படுகிறது. செலவிடச் செலவிடப் பணம் வரும். மார்ச் 31-க்குள் செலவிடாத வரம்பு காலாவதியாகிவிடும். புதிய நிதியாண்டின் வரம்பு வருவதற்குச் செலவின அறிக்கையும் பயன்பாட்டுச் சான்றிதழும் தணிக்கையாளர் கையொப்பத்துடன் போய்ச் சேர வேண்டும்.

அரசின் நோக்கில் இதற்கு நியாயம் உண்டு. முன்பெல்லாம் பணம் ஆண்டுக்கணக்கில் வங்கிகளில் முடங்கிக் கிடந்தது. ஆனால் ஆய்வு என்பது நிதியாண்டுப்படி நடப்பதில்லை. ஜனவரியில் வரம்பு வந்தால் மார்ச்சுக்குள் எந்தக் கருவியை வாங்கி முடிப்பது? அவசரத்தில் வாங்கினால் தணிக்கையில் கேள்வி வரும். வாங்காமல் விட்டால் பணம் திரும்பிப் போகும். பயன்பாட்டுச் சான்றிதழ் தாமதமானால் ஏப்ரல், மே, ஜூன் என்று ஆய்வு உதவியாளருக்குச் சம்பளம் நின்றுபோகும்.

அந்த ஆய்வு உதவியாளர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் குடும்பத்தில் முதன்முதலாக முதுகலை முடித்தவர். வீட்டில் திருமணப் பேச்சையோ வெளிநாட்டு வேலையையோ தள்ளி வைத்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர். மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் அவர் ஆய்வையே விட்டுவிடுகிறார். கோப்பில் அது ஒரு தாமதம் மட்டுமே. அவர் வாழ்க்கையிலோ அது ஒரு முடிவாகிவிடுகிறது.

கொள்முதலிலும் இதே கதைதான். விலைப்புள்ளிகள், கொள்முதல் குழு, ஜெம் தளம் என்று ஒவ்வொரு படிக்கும் விதி உண்டு. 2025 ஜூனில் மத்திய அரசு ஆய்வு நிறுவனங்களுக்கு இந்த விதிகளைத் தளர்த்தியது. விலைப்புள்ளி கேட்காமல் வாங்கும் வரம்பு 2 லட்சம் ரூபாயாகவும், குழு வழியாக வாங்கும் வரம்பு 25 லட்சம் ரூபாயாகவும் உயர்ந்தது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் இந்தத் தளர்வு தன் கல்லூரிக்குப் பொருந்துமா, தன் மானிய ஆணையின் நிபந்தனை என்ன சொல்கிறது என்று படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில் விதி தளர்ந்தாலும் பயம் தளர்வதில்லை. கோப்பு முதல்வர் மேசையிலிருந்து தாளாளர் மேசைக்கும், அங்கிருந்து திரும்பவும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

மானியமும் ஒப்பந்தமும் ஒன்றல்ல

பல கல்லூரிகளில் வெளியிலிருந்து வரும் பணம் எல்லாவற்றையும் ‘புராஜெக்ட் பணம்’ என்று ஒரே தலைப்பில் எழுதுகிறார்கள். இது ஆபத்தான பழக்கம்.

மானியம் என்பது ஓர் ஆய்வைச் செய்ய அளிக்கப்படும் உதவி. முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டாலும் நேர்மையாகச் செலவிட்டுக் கணக்குக் கொடுத்தால் போதும். ஒப்பந்தம் அப்படியல்ல. ஒரு தோல் தொழிற்சாலை தன் கழிவுநீரைப் பரிசோதித்துத் தரச் சொல்லிப் பணம் தருகிறது என்றால், அது சேவைக்கான கட்டணம். குறித்த நாளில் அறிக்கை தர வேண்டும். 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. முடிவுகளைக் கட்டுரையாக வெளியிடலாமா, காப்புரிமை யாருக்கு, தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். அதைப் படிக்காமல் கையெழுத்திட்ட ஆசிரியர், தன் மாணவரின் முனைவர் பட்ட ஆய்வேட்டில் சொந்த முடிவுகளையே சேர்க்க முடியாமல் தவிக்க நேரிடும்.

வரிவிலக்கிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 2024 அக்டோபர் 10 முதல் நடைமுறைக்கு வந்த விலக்கு எல்லாக் கல்லூரிகளுக்கும் தானாகக் கிடைக்காது. அரசு நிறுவனம் அல்லாத கல்லூரி என்றால், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்கீழ் ஆராய்ச்சி நிறுவனமாக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அந்த அறிவிக்கை நிபந்தனை வைத்தது. நம் கல்லூரிகளில் எத்தனைக்கு அந்த அறிவிப்பு இருக்கிறது? விண்ணப்பிக்க வேண்டும் என்பதையாவது எத்தனை நிர்வாகங்கள் அறிந்திருக்கின்றன? ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் தன் ஆடிட்டரிடம் இந்த வாரமே கேட்க வேண்டிய கேள்வி இது.

வெளிநாட்டுப் பணம் என்றால் இன்னும் கவனம் தேவை. 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, நன்கொடை டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பெற்ற நன்கொடையை வேறொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நம் கல்லூரிக்கு நிதி தந்து, அதில் ஒரு பங்கைப் பக்கத்து ஊர்க் கல்லூரியுடன் பகிரச் சொன்னால் அது சட்டமீறல் ஆகிவிடும். வெளிநாட்டுக் கணக்குகள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கப்படும் காலம் இது. சிறுபான்மை நிறுவனங்களுக்குத் தெரியாமல் செய்த பிழைக்கும் மன்னிப்பு எளிதில் கிடைப்பதில்லை.

அரசின் பங்கும் நம் பங்கும்

தவறு கல்லூரிகளிடம் மட்டும் இல்லை. சச்சார் குழு அறிக்கைக்குப் பின் 2009-இல் தொடங்கிய மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையை, மற்ற உதவித்தொகைகளோடு ஒன்றின்மேல் ஒன்று படிகிறது என்று காரணம் சொல்லி, புதியவர்களுக்கு நிறுத்துவதாக 2022 டிசம்பரில் மக்களவையில் அரசு அறிவித்தது. ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருந்த ஆய்வாளர்கள் பலர் மாதக்கணக்கில் பணம் வராமல் அவதிப்பட்டதையும் பார்த்தோம். அதைக் கேள்வி கேட்பது நம் உரிமை. தொடர்ந்து கேட்போம்.

ஆனால் நம் கையில் இருப்பதையும் நாம் சரியாகச் செய்கிறோமா? பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவித்தொகை பெறுபவர் தொடர்ந்து ஆய்வில் இருக்கிறார் என்பதை நிறுவனமே மாதந்தோறும் இணையதளத்தில் உறுதிசெய்ய வேண்டும். ஒருவர் பதிவிட, மற்றொருவர் சரிபார்க்க வேண்டும். பதிவிடுபவர் விடுப்பில் போய்விட்டால் அந்த மாதப் பணம் நிற்கும். இந்தத் தாமதத்துக்கு டெல்லியைக் குறைசொல்ல முடியாது.

என்ன செய்யலாம்?

முதலாவது, ஒவ்வொரு கல்லூரியிலும் ஆய்வு நிதிக்கென ஒரு முழுநேரப் பொறுப்பாளர் வேண்டும். அவர் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. வணிகவியல் படித்து, கணக்குத் தெரிந்து, ஆங்கிலத்தில் நிபந்தனைகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஓர் இளைஞர் போதும். மானியங்களில் மேல்செலவு என்ற தலைப்பில் கல்லூரிக்கென ஒரு சிறு தொகை வருகிறது. அது கட்டடப் பூச்சுக்கோ விழாச் செலவுக்கோ போகாமல் இவர் சம்பளத்துக்குப் போகட்டும்.

இரண்டாவது, ஒரு கல்லூரியால் முடியாவிட்டால் பக்கத்து ஊர்க் கல்லூரிகள் நான்கைந்து சேர்ந்து ஒரு பொது அலுவலகம் வைக்கலாம். ஒரு பட்டயக் கணக்காளர், ஒரு வழக்கறிஞர், ஒரு பொறுப்பாளர் இருந்தால் போதும். இதைத் தொடங்கிவைக்க முன்னாள் மாணவர் சங்கங்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் நிறுவனக் கணக்குகளையும் ஒப்பந்தங்களையும் அன்றாடம் கையாளும் முன்னாள் மாணவர்கள் நம்மிடம் ஏராளம். கல்லூரிக்கு மின்விசிறி வாங்கித் தந்தது போதும். அவர்கள் தங்கள் அனுபவத்தைத் தரட்டும்.

மூன்றாவது, ஒப்பந்தம் எதுவும் இரண்டாவது பார்வை இல்லாமல் கையெழுத்தாகக் கூடாது. வெளியீட்டு உரிமை, காப்புரிமை, வரி, பொறுப்பு ஆகிய நான்கையும் சரிபார்க்கும் ஒரு பக்கப் படிவம் போதும்.

நான்காவது, ஒவ்வொரு திட்டத்திலும் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, எவ்வளவு திரும்பிப் போனது என்பதை ஆண்டுதோறும் நிர்வாகக் குழுவின் முன் வைக்க வேண்டும். திரும்பிப் போன தொகையைச் சொல்ல வெட்கப்படுகிறோம். அதைச் சொன்னால்தான் அடுத்த ஆண்டு குறையும்.

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தொடங்கியது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை நியூ கல்லூரியும் 1951-இல் வந்தன. வகுப்பறைகூட இல்லாத காலத்தில் அந்தத் தலைமுறை நிலம் கொடுத்து, பணம் திரட்டி, அனுமதி வாங்கி, ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி வைத்தது. அந்தக் கணக்கேடுகளில் இருந்த ஒழுங்குதான் கல்லூரிகளை நிலைக்கச் செய்தது.

இன்று வகுப்பறை இருக்கிறது. முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆய்வு செய்யத் துடிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். குறைவது ஒரு மேசையும், அந்த மேசையில் உட்கார்ந்து மார்ச் 31-க்கு முன்பே கோப்பை முடித்து அனுப்பும் ஒருவரும்தான். வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள் நம் கல்லூரி நிர்வாகங்கள் இந்த ஒரு நியமனத்தைச் செய்யட்டும்.