சூளைக் கண்ணும் வளைந்த விரலும்

விருத்தாசலம் என்றதும் பெரியவர்களுக்குப் பழமலைநாதர் நினைவுக்கு வருவார். குழந்தைகளுக்கோ பீங்கான் பொம்மைகள். அந்தப் பொம்மை ஒவ்வொன்றும் அக்கினிப் பிரவேசம் செய்து விட்டுத்தான் நம் வீட்டு அலமாரிக்கு வந்திருக்கிறது. பீங்கான் சூளையில் உஷ்ணம் ஆயிரம் டிகிரிக்கு மேல் ஏறும். உள்ளே பதம் எப்படி என்றறியச் சிறு துவாரத்தின் வழியே தணலை உற்றுப் பார்ப்பதுண்டு. அப்படி வருஷக் கணக்கில் வெறுங் கண்ணால் பார்த்து வந்தால், கண்ணுக்குள்ளிருக்கும் வில்லை, வெந்த முட்டையின் வெண்கருவைப் போல் வெளுத்துவிடும். (மரக்கறி போஜனக்காரர்கள் உவமையை மன்னிக்க வேண்டும்!) மேல்நாட்டில் கண்ணாடி ஊதும் தொழிலாளரின் பெயராலேயே இப்புரையை அழைத்தார்கள்.

சூளைப் பக்கமே போகாதவர்களையும் வயோதிகம் விடுவதில்லை. புரை முற்றினால் சொட்டு மருந்தோ பச்சிலையோ பயன்படாது. சஸ்திர சிகிச்சை ஒன்றே வழி.

அந்தச் சிகிச்சையை ஏழைகளின் குடிசை வரை கொண்டு சென்றவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918-ல் வடமலாபுரம் கிராமத்தில் பிறந்தவர். உறவுப் பெண்கள் மூவர் கர்ப்ப காலத்தில் மாண்டதைக் கண்டு, பிரசவ வைத்தியராக வேண்டுமென்று எண்ணினார். சென்னை ஸ்டான்லி கல்லூரியில் 1944-ல் பட்டம் பெற்று ராணுவ வைத்தியத்தில் சேர்ந்தார். விதி குறுக்கிட்டது. கீல்வாதம் அவரைப் படுக்கையில் தள்ளிற்று. விரல்கள் நிரந்தரமாகக் கோணிப் போயின. பேனாவைப் பிடிப்பதே பிரம்மப் பிரயத்தனமாயிற்று. அந்த மனிதர் கண் வைத்தியம் படித்தார் என்றால் யார்தான் நம்புவார்கள்? அவ்விரல்களுக்கு ஏற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு, தம் ஆயுளில் லட்சம் சஸ்திர சிகிச்சைகளுக்கு மேல் செய்தார்.

மதுரை மருத்துவக் கல்லூரியில் பணி புரிந்து 1976-ல் ஓய்வு பெற்றபோது வயது 58. பேரக் குழந்தைகளோடு திண்ணையில் உட்காரும் வயது; ஆனால் அவரோ பிரமசாரி! உடன்பிறந்தார் துணையுடன் பதினொரே படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கொடுக்கக்கூடியவர் கட்டணம் கொடுப்பார். இயலாதவருக்கும் அதே டாக்டர்கள், அதே சிகிச்சை.

இலவசம் என்று சொல்லியும் கிராமத்து ஜனங்கள் திரண்டு வந்துவிடவில்லை. பஸ் கட்டணம் யார் தருவது? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கூடவரும் மகனின் நாட்கூலி போகாதா? குருடருக்குத் தர்மம் செய்கிறோம் என்று பெருமைப்படும் நம்மில் எத்தனை பேர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறோம்? ஆஸ்பத்திரியார் போட்டுப் பார்த்தார்கள். முகாமிலிருந்து அழைத்துப் போகவும், உணவளிக்கவும், திரும்பக் கொண்டு விடவும் ஏற்பாடு செய்தார்கள்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. முன்னாளில் புரையை எடுத்த பின் சோடாப் புட்டிக் கண்ணாடி அணிய வேண்டும். அது உடைந்தால் பார்வையும் போச்சு. கண்ணுக்குள்ளேயே வைக்கும் வில்லையோ சீமைச் சரக்கு, யானை விலை. 1992-ல் ஆரோலாப் என்ற தொழிற்சாலை மதுரையிலேயே அதைச் செய்யத் தொடங்கிற்று. விலை பன்மடங்கு இறங்கியது.

டாக்டர் 2006-ல் காலமானார். அதற்கு முன்பே, 2003-ல், புதுச்சேரியிலும் அவரது ஆஸ்பத்திரி எழுந்துவிட்டது. விருத்தாசலத்தார் மதுரை வரை போக வேண்டியதில்லை. சூளை பார்ப்பவர்கள் மட்டும் அதற்கென்றே செய்த கறுப்புக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். திருவிழாக் கடையில் விற்கும் கூலிங்கிளாஸ் அதற்கு உதவாது.