செத்த காலேஜும் உயிர் காலேஜும்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பாமர மக்கள் ‘செத்த காலேஜ்’ என்றும், அங்கே தோன்றிய விலங்குக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் வழங்கி வந்ததை நம் பெரியோர்கள் அறிவார்கள். 1851இல் அருங்காட்சியகம் முதன்முதலில் இயங்கியது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில்தான். அதனால் அப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆயினும் எழுத்தறியாதவரும் தயக்கமின்றி நுழைந்த கல்லூரி அது ஒன்றே என்பதால் அப்பெயர் மிகப் பொருந்தும் என்பது நம் கருத்து.

அதனைத் தொடங்கி நடத்திய மருத்துவர் எட்வர்ட் பால்ஃபோர், விலங்குகளை உயிருடன் வைத்தால் மக்கள் திரளாக வருவர் என்று கண்டவர். கர்நாடக நவாபின் விலங்குகளைக் கேட்டுப் பெற்று 1855இல் விலங்குக்காட்சி சாலையை அமைத்தார். சென்னையில் முகமதியர் பொது நூலகம் 1850இல் உருவாகவும் துணை நின்றவர் அவரே என்பதை இவ்விடத்தில் நன்றியுடன் குறிப்பிடுகிறோம். பின்னர் தர்ஸ்டன் காலத்தில் கோஷாப் பெண்டிருக்கென மாதத்தில் ஒரு பிற்பகலே ஒதுக்கப்பட்டது. வர இயலாதவர் யார் என்று எண்ணிப் பார்த்துக் கதவைத் திறந்த செயல் அது.

இதே எண்ணந்தான் இலண்டனிலும் வேலை செய்தது. தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1857இல் எரிவாயு விளக்கேற்றி இரவிலும் திறந்திருந்தது. பகலெல்லாம் உழைத்தவன் வேறு எந்நேரம் வருவான்? தொழிலாளர் நிறைந்த கிழக்கு இலண்டனிலேயே 1872இல் பெத்னல் கிரீன் கிளை எழுந்தது. மதுக்கடையிலிருந்து உழைப்பாளியை மீட்க வேண்டும் என்னும் மேட்டிமை நோக்கும் அதில் கலந்திருந்தது. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை.

நம் கோவைக்கு வருவோம். 1888இல் இங்கே நூற்பாலை எழுந்தது. 1902இல் வன அதிகாரி காஸ் பெயரால் வன அருங்காட்சியகம் பிறந்தது. ஆலையும் அருங்காட்சியகமும் ஏறக்குறைய ஒரே தலைமுறையின. இரண்டுக்கும் இடையே ஆலைத் தொழிலாளி நடந்து சென்ற பாதைதான் தேய்வுறவில்லை.

நம் மாணவர் ஒருவரின் தந்தையார் ஆலைத் தொழிலாளி. ஒரு விடுமுறை நாளில் அவரையும் சேர்த்து ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றோம். மரத்துண்டுகளின் கீழே இலத்தீன் பெயர்கள். தமிழ்ப் பெயர் இல்லை. முதுகலை படிக்கும் மகன் விழித்தான். தந்தையார் குனிந்து ரேகையைப் பார்த்து, “இது வேங்கைங்க, இது வாகை, அது தேக்கு” என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். தமிழ் கற்பிக்கும் நாம் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டோம்.

அரசு அருங்காட்சியகங்கள் மாலையோடு மூடப்படுகின்றன. பகல் ஷிப்டு முடித்து வருபவர் பூட்டையே காண்பார். வாரம் ஓரிரவேனும் விளக்கெரியட்டும் எனக் கேட்போம். பெயர்ப் பலகைகளைத் தமிழில் எழுதித்தரும் பணியை நம் துறை மாணவர்கள் ஊதியமின்றி ஏற்கலாம். சொற்களைச் சரிபார்க்க அந்தத் தந்தையாரையே அழைக்க எண்ணியுள்ளோம். ஞாயிறு மாலை என்றால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.