முறை வைத்து வந்த ஜுரம்

மேனாட்டுக் கதைகளில் குளிர்காலம் என்றால் வானத்திலிருந்து பனி பஞ்சு பஞ்சாக விழும். வீட்டுக்குள் கணப்பு எரியும். அதைச் சுற்றிக் குழந்தைகள் உட்கார்ந்து கதை கேட்கும். நம் கடலூரில் குளிர்காலம் அவ்வளவு அழகாக வருவதில்லை. இங்கே அது மழைக்காலத்தின் வால். வருஷத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்து தீர்த்துவிடுகிறது. கெடிலமும் பெண்ணையாறும் எப்போது கரை புரளுமோ என்று ஜனங்கள் வானத்தைப் பார்த்தபடி இருக்கிறார்கள். 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் வந்தது. 2015-ல் பெருவெள்ளம் வந்தது. 2024-ல் 'ஃபெஞ்சல்' வந்து பெண்ணையாற்றைப் பெருக்கிவிட்டது. இவற்றுக்கெல்லாம் பெயர் உண்டு. பத்திரிகைகளில் படமும் உண்டு. ஆனால் பெயரும் படமும் இல்லாமல் வருஷந் தவறாமல் வருகிற விருந்தாளி ஒருவர் இருக்கிறார். அவர்தான் மழைக்காலத்து ஜுரம்.

இந்த விருந்தாளியிடம் ஒரு நல்ல குணம். கெட்ட குணமும் அதுவேதான். ஒரே நாளில் எல்லோரையும் படுக்க வைக்கமாட்டார். முறை வைத்து வருவார். பள்ளிக்கூடத்துப் பெஞ்சியில் பையனைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். பையனிடமிருந்து கைக்குழந்தைக்கும், கைக்குழந்தையிடமிருந்து தாயாருக்கும் மாறுவார். கடைசியில் குடும்பத் தலைவரிடம் வந்து சேருவார். குடும்பத் தலைவர் தும்மிய மறுகணமே உயில் எழுதுவதைப் பற்றி யோசிப்பார் என்பது வேறு விஷயம்.

ஏன் இந்தக் காலத்தில் வருகிறது? மழையில் நனைவதுதான் காரணம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மழைத்துளியில் ஜுரம் இல்லை. மழைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, காயாத துணிகளைக் கூடத்தில் கொடி கட்டித் தொங்கவிட்டு, ஆறு பேர் ஒரே அறையில் படுக்கிறோமே, அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்குகிறார். நம் தமிழ்நாட்டில் இன்புளூயென்ஸா என்னும் விஷ ஜுரம் இந்த வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் மிகுதியாகப் பரவுகிறது. போதாததற்கு, சிறு குழந்தைக்கு வருஷத்தில் ஆறு, எட்டு முறை ஜலதோஷம் வருவது சகஜம் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் கணக்குப் பார்த்தால், ஜலதோஷம் இல்லாத வாரத்தைத்தான் பஞ்சாங்கத்தில் விசேஷ தினமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்!

நமது வீட்டில் ஒரு மார்கழி இப்படித்தான் கழிந்தது. பையனுக்கு வயது நான்கு. பெண் குழந்தைக்குப் பத்து மாதம். முதலில் பையன் படுத்தான். மூன்று நாள் ஜுரம் 102, 103 என்று ஏறி இறங்கியது. நாலாம் நாள் காலையில் எழுந்து, ஒன்றுமே நடவாததுபோல் கூடத்தில் பந்தாட ஆரம்பித்தான். அன்றுதான் குழந்தை படுத்தாள். அதற்கு மறுநாள் நமது இல்லத்தரசி. நோயிலிருந்து எழுந்த சிறுவனைப் போல் பலசாலி இவ்வுலகில் வேறு யாரும் இல்லை. வீட்டில் இரண்டு பேர் கண்ணைத் திறக்க முடியாமல் கிடக்கும்போது அவனுக்கு யானை வேண்டும், கதை வேண்டும், முறுக்கு வேண்டும். நாம் யானையானோம். யானை நான்கு காலால் நடந்துகொண்டே அடுப்பில் கஞ்சி பொங்குகிறதா என்றும் பார்த்துக்கொண்டது.

சிதம்பரத்துக்குச் செய்தி போயிற்று. அங்கே நமது மாமியார் இருக்கிறார். வாழ்க்கைப்பட்டு அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஆருத்திரா தரிசனம் தவறாத பெண்மணி. அந்த வருஷம் தேரோட்டத்துக்கு முதல் நாளே ரயிலேறிவிட்டார். கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று வழியெல்லாம் மழை. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கியபோது ஒரு கையில் தூதுவளையும் கற்பூரவல்லியும் அடங்கிய பை; மறு கையில் சுக்கு, மிளகு, திப்பிலி. "தரிசனத்தை விட்டு வந்துவிட்டீர்களே!" என்றோம். மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் அதிகம் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. பேரனைப் பார்த்துச் சொன்னார்: "நடராஜா அடுத்த வருஷமும் ஆடுவார்டா, கண்ணா. உன் அம்மா முதலில் எழுந்திருக்கட்டும்."

பாட்டி வைத்தியத்தை ஒரேயடியாகப் பரிகசிப்பது இப்போது ஒரு நாகரிகம். ஒரேயடியாகப் போற்றுவது இன்னொரு நாகரிகம். நாம் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. பாட்டி வைத்த மிளகு ரசம், குழையக் காய்ச்சிய கஞ்சி, பெரியவர்களுக்குக் கொடுத்த சுக்குக் கஷாயம் ஆகியவற்றுக்கு எந்த வைத்தியரும் ஆட்சேபம் சொல்லவில்லை. தொண்டைக்கு இதமாயிருந்தது, உடம்பில் நீர் சேர்ந்தது. ஆனால் நான்கு காரியங்களை வைத்தியர் கூடாதென்றார். குழந்தையின் மூக்கிலோ வாயிலோ எண்ணெய் விடக் கூடாது. அது சுவாசப்பைக்குள் இறங்கினால் அங்கேயே தங்கி நோயை உண்டாக்கும். சாம்பிராணிப் புகை போடக் கூடாது. திணறுகிற மார்புக்குப் புகை சத்துரு. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு நுண்கிருமி பச்சைக் குழந்தையின் நரம்பைத் தாக்கிவிடும். கடைசியாக, பட்டினி போடக் கூடாது. "லங்கணம் பரம ஒளஷதம்" என்ற வாக்கு வயிறு புடைக்கத் தின்கிற பெரியவர்களுக்கு வேண்டுமானால் பொருந்தும். ஜுரத்தில் கிடக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. இன்னும் அடிக்கடி கொடுக்க வேண்டும். தாய்க்கே ஜுரமானாலும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு பால் கொடுக்கலாம். இவ்வளவையும் பாட்டி பொறுமையாகக் கேட்டார். "சாம்பிராணியைச் சுவாமிக்கு வைத்துக்கொள்கிறேன்" என்று எடுத்து வைத்துவிட்டார்.

பாட்டி செய்த இன்னொரு காரியந்தான் நமக்கு மிகவும் பயன்பட்டது. சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்புறத்தில், யார், எத்தனை மணி, ஜுரம் எவ்வளவு, என்ன மருந்து, எத்தனை முறை பால் குடித்தாள், எத்தனை முறை சிறுநீர் போனாள் என்று எழுதிவைக்கச் சொன்னார். இரவில் ஒருவர் எழுந்து மற்றவர் படுக்கும்போது தாள் கை மாறும். "மருந்து கொடுத்தாயிற்றா?" என்று அரைத் தூக்கத்தில் கேட்க வேண்டியதில்லை, ஒரே ஜுர மருந்தை இரண்டு பேர் இரண்டு முறை கொடுத்துவிடும் அபாயமும் இல்லை. குழந்தைக்கு மருந்தின் அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது; அதையும் தாளின் தலைப்பிலேயே எழுதிவைத்தோம்.

அந்தத் தாள்தான் ஒரு நாள் இரவு நமக்கு வழிகாட்டியது. நடுநிசி தாண்டி இரண்டு மணி. நமது முறை. குழந்தைக்கு ஜுரம் தணிந்திருந்தது, தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் மூச்சு மட்டும் ஓட்டமாக இருந்தது. சட்டையை மேலே தூக்கி, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணினோம். 54. மறுபடியும் எண்ணினோம். 55. முந்தின இரவுத் தாளில் 38 என்று பாட்டியின் கையெழுத்தில் இருந்தது. அதன் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. ஆட்டோ ஒன்றைப் பிடித்து, மழையில் குடையைக் குழந்தைக்குப் பிடித்துக்கொண்டு, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போனோம். வைத்தியர் குழந்தையின் காற்கட்டை விரலில் ஒரு சிறு கருவியை மாட்டிப் பிராணவாயுவின் அளவைப் பார்த்தார். விலாவின் கீழ்ப்பகுதி உள்ளிழுக்கிறதா என்று பார்த்தார். "நிமோனியாவின் ஆரம்பம். நல்ல வேளையில் வந்துவிட்டீர்கள்" என்றார். மருந்து கொடுத்து, இரண்டு நாள் கழித்துக் கட்டாயம் வரச் சொன்னார். மூன்றாம் நாள் தாளில் 40 என்று எழுதினோம். அந்த எண்ணைப் போல் அழகான எண் கணித சாஸ்திரத்திலேயே இல்லை என்று அன்று தோன்றியது.

குழந்தைகள் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இந்த எண்கள் சமையலறைச் சுவரில் எழுதியிருக்க வேண்டும். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிஷம் முழுதும் எண்ண வேண்டும். இரண்டு மாதம் ஆகாத சிசுவுக்கு மூச்சு 60-ம் அதற்கு மேலும் இருந்தால் அபாயம். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரையில் 50. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரையில் 40. இந்த எல்லையைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விலா உள்ளிழுத்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், குடித்ததெல்லாம் வாந்தியானாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலும் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம். உடனே புறப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டிலிருந்து 108 என்ற எண்ணுக்குச் சொன்னால் வண்டி வருகிறது. சிதம்பரத்துப் பக்கத்து ஜனங்களுக்கு அண்ணாமலை நகரிலுள்ள முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று வழங்கிய மருத்துவமனை இருக்கிறது. 1985-ல் தொடங்கிய அக்கல்லூரி 2021-ல் அரசு வசமாயிற்று.

இது வீண் பயமுறுத்தல் அன்று. 2019-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட 7 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை நிமோனியா உலகில் கொண்டுபோயிற்று. அவர்களில் பலருக்கு அது சாதாரண ஜலதோஷமாகவே ஆரம்பித்திருக்கும். தடுப்பதற்கும் வழி உண்டு. நிமோனியாவை உண்டாக்கும் ஒரு கிருமிக்கு எதிரான தடுப்பு மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை இந்தியாவில் முதன்முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும் போடத் தொடங்கின. 'நியூமோகாக்கஸ்' என்னும் மற்றொரு கிருமிக்கான ஊசி 2021-லிருந்து நம் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் போடப்படுகிறது.

இன்னொரு பக்கத்தில், அவசியமில்லாத மருந்தும் அபாயந்தான். 2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். அந்த மருந்து நம் தமிழ்நாட்டில் தயாரானது. அதில் டை-எதிலீன் கிளைக்கால் என்னும் விஷம் கலந்திருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், ஜலதோஷ மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாக வேண்டியதில்லை என்று இந்திய அரசின் சுகாதார இலாகா அப்போது அறிவித்தது. மருந்துக் கடையில் "இருமலுக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்கிற வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

இனி, நம் மனத்தில் உள்ள முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பாரதியார் கடலூர்ச் சிறையில் இருந்த அந்த 1918-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா முழுவதும் விஷ ஜுரம் பரவியது. ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். மற்ற ஜுரங்கள் கிழவர்களையும் சிசுக்களையும் தேடிப் போகும். அந்த ஜுரமோ இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்தவர்களை, அதாவது சிறு குழந்தைகளின் தாய் தந்தையரை, தேடி வந்தது. நம் நாட்டில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக இறந்தார்கள். வீட்டில் யார் படுத்தாலும் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தவள் அவள். எல்லோரும் உண்ட பிறகு மிச்சத்தை உண்டவளும் அவள். அவள் படுத்தபோது பணிவிடை செய்ய ஆள் இல்லை.

நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மருந்து மாறிவிட்டது, ஊசி வந்துவிட்டது. ஆனால் நம் வீடுகளில் இரவு இரண்டு மணிக்கு யார் விழித்திருக்கிறார்கள்? காய்ச்சலோடு கஞ்சி காய்ச்சுவது யார்? இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலான வீடுகளில் 1918-ஆம் வருஷத்துப் பதில்தான் இன்றும் கிடைக்கிறது. தாய் தூங்காமல் இருப்பது தியாகம் என்று புகழ்கிறோம். புகழுரையைவிட அவளுக்கு ஐந்து மணி நேரத் தூக்கம் நல்ல மருந்து. மூச்சு எண்ணுவதற்கு ஆண் கடிகாரம், பெண் கடிகாரம் என்று வித்தியாசம் இல்லை. கஞ்சிப் பானைக்கும் அப்படியே.

ஜுரம் முறை வைத்து வருகிறது. நாமும் முறை வைத்து விழித்திருக்கக் கற்றுக்கொண்டால் அதன் பாதிப் பலம் போய்விடும். முறைக்கு ஆள் இல்லாத சிறு குடும்பங்கள் இப்போது அதிகம். சிதம்பரத்தில் எல்லோருக்கும் பாட்டி இருப்பதில்லை. அப்படிப்பட்ட வீடு நம் தெருவில் ஒன்று இருக்கும். இந்த மழைக்காலத்தில் அந்த வீட்டு ஜன்னல் இரண்டு நாள் சாத்தியே இருந்தால், கதவைத் தட்டி ஒரு பாத்திரம் ரசம் கொடுத்துவிட்டு, "இன்று ராத்திரி நான் சற்று இருக்கட்டுமா?" என்று கேளுங்கள். தை பிறக்கும்போது எல்லோர் வீட்டுப் பானையும் பொங்கட்டும்!